சிமிலாரிட்டி 7 சதவீதம் வந்துவிட்டது, கட்டுரையை அனுப்பலாமா?

கேள்வி: உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் முதல் கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பப் போகிறேன். சிமிலாரிட்டி 7 சதவீதம்தான் வந்திருக்கிறது. இதுபோக, கட்டுரையின் தரத்தைத் தானாகவே சோதித்துச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன என்கிறார்கள். எதை நம்பலாம்? சாட்ஜிபிடியிடம் கொடுத்துப் பார்க்கலாமா? நானே எழுதியதை ஏஐ எழுதியது என்று சொல்லிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. அறைத்தோழி உயிர்வேதியியல் படிக்கிறாள், அவளுக்கும் இதே சந்தேகங்கள்.

பதில்:

7 சதவீதம் வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் அந்த எண் உங்கள் கட்டுரை நல்ல கட்டுரையா என்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஏற்கெனவே வெளியான எழுத்தோடு உங்கள் எழுத்து எங்கெல்லாம் பொருந்துகிறது என்று எண்ணிச் சொல்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் அட்டவணைகள் முழுக்கத் தப்பாக இருந்தாலும் 7 தான் வரும்.

கட்டுரையின் தரத்தை அளந்து மதிப்பெண் போடும் மென்பொருள் என்று நம்பத்தக்க ஒன்று இன்று கிடையாது. இருப்பவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறுகிய விஷயத்தை மட்டும் பார்க்கும். சராசரி கணக்கில் வரக்கூடியதுதானா, பி-மதிப்பு (உண்மையில் விளைவே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பு) பக்கத்தில் இருக்கும் எண்களோடு ஒத்துப்போகிறதா, ஒரே படம் இரண்டு இடத்தில் வந்திருக்கிறதா, மேற்கோள் காட்டிய கட்டுரை பிறகு திரும்பப் பெறப்பட்டதா, இப்படி. அந்தக் குறுகிய வேலையில் சில கருவிகள் மனிதரைவிடக் கெட்டி. ஆனால் அவை காட்டுவது 'இங்கே ஏதோ இடிக்கிறது' என்பதை மட்டும். ஏன் இடிக்கிறது என்று போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

சிமிலாரிட்டியை முதலில் முடித்துவிடலாம், நம் ஊரில் அதுவே எல்லாமாகிவிட்டதால். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த விதிப்படி, ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும், 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை, 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. முறையாக ஆதாரம் காட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல், பொதுவான சொற்கள், சமன்பாடுகள் இவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. நடைமுறையில் அந்தப் பகுதியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எல்லார் நினைவிலும் நிற்பது 10 என்ற எண் மட்டும்.

வெளிநாட்டு ஆய்விதழ்கள் பெரும்பாலும் ஐதென்டிகேட் என்ற ஒப்பீட்டு மென்பொருள் வழியாகப் பார்க்கும். ஆய்விதழ்ப் பதிப்பாளர்களின் க்ராஸ்ரெஃப் அமைப்பு இதற்கான சேவையை 2008-லேயே தொடங்கிவிட்டது. விவரம் தெரிந்த எடிட்டர் மொத்த எண்ணோடு நிற்க மாட்டார், அறிக்கையைத் திறந்து பொருத்தம் எங்கே என்று பார்ப்பார். 25 சதவீதம் வந்து, அது செய்முறைப் பகுதியிலும் நூற்பட்டியலிலும் சிதறிக் கிடந்தால் கவலையில்லை. வெறும் 6 சதவீதம் வந்து, அந்த ஆறும் விவாதப் பகுதியில் ஒரே கட்டுரையிலிருந்து எடுத்த ஒரு முழுப் பத்தி என்றால் ஆபத்து. நீங்களும் உங்கள் 7 எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். (தமிழில் எழுதும் ஆய்வேடுகளின் கதை தனி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் மென்பொருளின் கண்ணுக்குத் தெரிவது ஏதோ ஆங்கில எழுத்துக் குவியல்தான். அதில் 0 சதவீதம் வந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை.)

இந்த எண்ணுக்குப் பயந்து செய்யும் ஒரு காரியம்தான் உண்மையிலேயே ஆளைக் கவிழ்க்கும். காசு வாங்கிக்கொண்டு விழுக்காட்டைக் குறைத்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கென்றே இலவச இணையக் கருவிகளும் இருக்கின்றன. அவை செய்வது ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே பொருள் தரும் வேறு சொல்லைப் போடுவது. கலைச்சொல்லுக்கும் அதே கதிதான். 'பிரெஸ்ட் கேன்சர்' என்பது 'பூசம் பெரில்' (மார்பு ஆபத்து) ஆகிவிடும், 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வுநிலை) ஆகிவிடும். அந்தத் துறையில் இருக்கும் எவரும் வாழ்நாளில் ஒருமுறைகூட அப்படி எழுத மாட்டார்கள். துலூஸ் பல்கலைக்கழகத்தின் கியோம் கபனாக், கிரெனோபிளின் சிரில் லபே, அலெக்சாண்டர் மகாசினோவ் மூவரும் 2021-ல் இப்படிப்பட்ட சொற்றொடர்களைப் பொறுக்கியெடுத்து வெளியிட்டார்கள். கபனாக் நடத்தும் 'ப்ராப்ளமேட்டிக் பேப்பர் ஸ்க்ரீனர்' என்ற கருவி வெளியான கட்டுரைகளில் இவற்றைத் தேடிக்கொண்டே இருக்கிறது. ஆக, ஒரு மென்பொருளிடமிருந்து தப்பிக்கச் செய்த வேலையே இன்னொரு மென்பொருளிடம் பிடித்துக் கொடுக்கிறது. இதில் முதலாவதில் சிக்கினால் திருத்தித் தரலாம். இரண்டாவதில் சிக்கும்போது கட்டுரை அச்சாகிவிட்டிருக்கும், பெயர் பொதுவெளியில் நிற்கும்.

சரி, எண்களுக்கு வருவோம். உங்கள் துறைக்கு உண்மையில் உதவும் கருவிகள் இங்கேதான் இருக்கின்றன, அதில் ஒன்றுக்கு மென்பொருள்கூட வேண்டாம்.

நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற இருவர் 2016-ல் முன்வைத்த 'கிரிம்' சோதனை அது. 25 பேரிடம் 1 முதல் 5 வரை முழு எண்ணில் பதில் கேட்கிறீர்கள். சராசரி 3.47 என்று அட்டவணையில் இருக்கிறது. பார்க்க ஒரு குறையும் இல்லாத எண். ஆனால் 25 பேரின் பதில்களைக் கூட்டினால் முழு எண்தான் வரும். கூட்டுத்தொகை 86 என்றால் சராசரி 3.44, 87 என்றால் 3.48. நடுவில் எதுவும் கிடையாது. 25 பேரை வைத்துக்கொண்டு 3.47 என்ற சராசரியைக் கொண்டுவர உலகத்தில் யாராலும் முடியாது.

அதற்காக யாரோ பொய் எழுதினார்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்தக் கேள்வியை ஆறு பேர் விட்டுவிட்டிருந்தால், மீதி 19 பேரின் கூட்டுத்தொகை 66, சராசரி 3.47. கணக்கு சரி. தப்பு என்னவென்றால், ஆறு பேர் பதில் சொல்லவில்லை என்பதைக் கட்டுரை எங்கேயும் சொல்லவில்லை. நான்கு கேள்விகளின் சராசரியை ஒரு மதிப்பெண்ணாக எடுத்திருந்தாலும் இந்தச் சோதனை பலிக்காது, 25 பேர் நான்கு கேள்வி என்றால் 100 பதில், இரண்டு தசம இடத்தில் எந்த எண்ணும் வரலாம். ஆள் எண்ணிக்கை 100-ஐத் தாண்டினாலும் அப்படித்தான். பிரவுனும் ஹெதர்ஸும் இந்தச் சோதனைக்குள் வரக்கூடிய 71 உளவியல் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய பாதியில் ஒரு சராசரியாவது இடித்தது. நான் மதிப்பாய்வுக்கு வரும் கட்டுரையில் முன்னுரையைப் படிப்பதற்கு முன்பே அட்டவணை 1-ஐயும் கால்குலேட்டரையும் எடுத்துக்கொண்டு உட்காருவதற்கு இதுதான் காரணம். அனுப்புவதற்கு முன் நீங்களே அதைச் செய்துவிட்டால் எனக்கும் வேலை மிச்சம்.

அடுத்தது ஸ்டாட்செக். நெதர்லாந்தின் மிஷெல் நய்டன், சாஷா எப்ஸ்காம்ப் இருவரும் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் எழுதிய கருவி, இணையத்தில் கோப்பை ஏற்றியும் பார்க்கலாம். ஒரு டி-சோதனையின் முடிவை டி(28) = 2.20, பி = 0.018 என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 28-ஐயும் 2.20-ஐயும் எடுத்துக்கொண்டு அந்தக் கருவி பி-மதிப்பைத் தானே கணக்கிடும். இருபக்கச் சோதனையில் வர வேண்டியது 0.036. உங்கள் 0.018 ஒருபக்கச் சோதனைக்கான எண், சரியாகப் பாதி. அப்படிச் செய்தேன் என்று கட்டுரையில் சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லை, சொல்லாமல் விட்டிருந்தால் கொடி காட்டும். இங்கே இரண்டுமே வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே இருப்பதால் முடிவு தப்பித்தது. உண்மையான மதிப்பு 0.07 ஆக இருந்து நீங்கள் 0.035 என்று எழுதியிருந்தால் முடிவே தலைகீழ்.

இந்தக் கருவியை வைத்து 1985 முதல் 2013 வரை எட்டு உளவியல் ஆய்விதழ்களில் வந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பி-மதிப்புகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதிக் கட்டுரைகளில் ஒரு பி-மதிப்பாவது பொருந்தவில்லை. எட்டில் ஒரு கட்டுரையில் முடிவையே பாதிக்கக்கூடிய அளவு முரண் இருந்தது. பெரும்பாலானவை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் திரையிலிருந்து எண்ணைக் கையால் எடுத்தெழுதும்போது நேர்கிற சாதாரணப் பிழைகளாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். அப்புறம் 2016-ல் ஒரு கூத்து நடந்தது. டில்பர்க் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஹார்ட்கெரிங்க் சுமார் 50,000 கட்டுரைகளை இதே கருவியில் ஓட்டி, முடிவுகளை, வெளியான கட்டுரைகளைப் பற்றிக் கருத்துப் பதிவிடும் பப்பியர் தளத்தில் கட்டுரை வாரியாகப் பதிவிட்டார். பிழையே இல்லாதவற்றுக்கும் 'சோதிக்கப்பட்டது' என்று அறிக்கை போனது. தங்கள் பெயர் போட்டு மின்னஞ்சல் வந்ததும் பலருக்குக் கோபம், ஜெர்மனியின் உளவியல் சங்கம் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தது. எதிர்த்தவர்கள் பக்கமும் நியாயம் உண்டு: எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இயந்திரம் சொன்னதை ஊரறியப் பதிவிட்டால், படிக்கிறவர் அதைக் குற்றச்சாட்டாகத்தான் எடுத்துக்கொள்வார். ஆனால் அதே கருவியை அனுப்புவதற்கு முன் நாமே ஓட்டிப் பார்த்தால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. ஒரு குறை மட்டும் ஞாபகம் இருக்கட்டும், அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ பாணியில் வரிக்குள் எழுதிய எண்களைத்தான் அது படிக்கும். அட்டவணைக்குள் இருப்பது அதன் கண்ணில் படாது. 'பிழை எதுவும் இல்லை' என்று வந்தால், எத்தனை எண்களைப் படித்தது என்றும் பாருங்கள். சில சமயம் ஒன்றைக்கூடப் படித்திருக்காது.

இயந்திரம் எங்கே நிற்கிறது, மனிதர் எங்கே தொடங்குகிறார் என்பதற்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல உதாரணம் ஒரு மருத்துவ ஆய்வு. மத்தியதரைக்கடல் உணவுமுறை இதயத்துக்கு நல்லது என்று காட்டிய ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வு, 7,447 பேர், 2013-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. இங்கிலாந்தின் மயக்க மருந்து நிபுணர் ஜான் கார்லைல் 2017-ல் 5,087 மருத்துவச் சோதனைகளை ஒரு புள்ளியியல் முறையில் அலசினார். ஆட்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்திருந்தால், தொடக்கத்தில் குழுக்களின் வயது, எடை, உயரம் இவற்றுக்கிடையே வரும் வித்தியாசம் ஓரளவுக்குள் இருக்கும். கூடுதலாக வித்தியாசப்பட்டாலும் சந்தேகம், அதிசயமாக ஒத்துப்போனாலும் சந்தேகம். அவர் பட்டியலில் பிரெடிமெட்டும் வந்தது. அவருடைய கணக்கு சொன்னது அவ்வளவுதான், தொடக்க எண்கள் குலுக்கலில் வந்த மாதிரி இல்லை என்பது. ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரே வீட்டில் இரண்டாவதாகச் சேர்ந்தவரை, குலுக்காமல், முதல் ஆள் இருந்த குழுவிலேயே போட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் ஆளுக்கு ஆள் குலுக்காமல் மருத்துவமனை மருத்துவமனையாகவே குழு பிரித்திருக்கிறார்கள். ஆய்வில் ஒரு குழுவுக்கு இலவசமாக ஆலிவ் எண்ணெய் கொடுத்தார்கள்; பக்கத்து வீட்டுக்காரருக்கு அது கிடைத்து இவருக்குக் கிடைக்காவிட்டால் சண்டை வராதா? மோசடி எதுவும் இல்லை, களத்தில் நடப்பது அப்படித்தான். 2018 ஜூனில் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்று, மறுபடி அலசி, கொஞ்சம் அடக்கிய மொழியில் அதே இதழில் மீண்டும் வெளியிட்டார்கள். எந்த மென்பொருளாலும் அந்த ஆலிவ் எண்ணெயைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அதே சமயம், அந்தக் கணக்கு இல்லாமல் இருந்திருந்தால் யாரும் ஆவணங்களைத் தோண்டியிருக்கவும் மாட்டார்கள்.

இனி உங்கள் தோழிக்கு. அவர் துறையில் முதல் சிக்கல் படங்கள்தான். புரதங்களைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் பட்டைகள், செல் படங்கள், இவற்றில் ஒரே படம் வேறு வேறு பெயரில் இரண்டு இடத்தில் வருவது. எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் 20,621 கட்டுரைகளின் படங்களைத் தன் கண்ணாலேயே பார்த்து, 3.8 சதவீதத்தில் சிக்கலான படங்கள் இருப்பதாக 2016-ல் சக ஆய்வாளர்கள் இருவரோடு வெளியிட்டார். இன்று ப்ரூஃபிக், இமேஜ்ட்வின் போன்ற மென்பொருள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. சயன்ஸ் குழும இதழ்கள் 2024 தொடக்கத்திலிருந்து ப்ரூஃபிக்கைப் பயன்படுத்துவதாக அறிவித்தன. கண்ணும் கருவியும் எப்படி ஒன்றையொன்று நிரப்புகின்றன என்பதற்கு 2023-ல் உயிரியலாளர் ஷோல்டோ டேவிட் செய்த ஒப்பீடு நல்ல சான்று. டாக்சிகாலஜி ரிப்போர்ட்ஸ் இதழின் 715 கட்டுரைகளைக் கண்ணால் பார்த்து 63 கட்டுரைகளில் சந்தேகத்துக்குரிய படங்களைக் கண்டுபிடித்தார். பிறகு இமேஜ்ட்வினில் ஓட்டினார். அது அந்த 63-ல் பெரும்பாலானவற்றைப் பிடித்ததோடு, அவர் தவறவிட்ட இன்னும் 41 கட்டுரைகளையும் காட்டியது. ஆனால் சிலவற்றை அவர் பிடித்து அது விட்டிருந்தது.

தோழிக்கு என் யோசனை மென்பொருள் வாங்குவது இல்லை, அவற்றின் கட்டணம் மாணவருக்குக் கட்டுப்படியாகாது. படம் எடுத்த அன்றே கோப்புக்குத் தேதியும் மாதிரியின் பெயரும் போட்டு, வெட்டாத மூலப்படத்தைத் தனியாகச் சேமிக்கச் சொல்லுங்கள். 'இமேஜ்1_ஃபைனல்', 'இமேஜ்1_ஃபைனல்_புதுசு' என்று ஒரே கோப்புறையில் நாற்பது இருந்தால் தப்பான படம் தப்பான இடத்தில் ஒட்டிக்கொள்வது சகஜம். ஒரே பிளாட்டின், ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டுப் பட்டையை இரண்டு படங்களில் நியாயமாகவே காட்டியிருந்தால், அதைப் படத்தின் கீழேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் மென்பொருள் அதையும் நகல் என்றுதான் காட்டும், தப்பு அதன்மேல் இல்லை.

இரண்டாவது, மரபணு வரிசைகள். சிட்னியின் ஜெனிபர் பெர்ன் புற்றுநோய் ஆய்வாளர். தனக்குப் பழக்கமான மரபணு ஒன்றைப் பற்றி ஒரே அச்சில் வார்த்ததுபோல் சில கட்டுரைகள் வந்திருப்பதைக் கவனித்தார். 'எந்த மரபணுவையும் தொடாத கட்டுப்பாட்டு வரிசை' என்று அவற்றில் கொடுத்திருந்த எழுத்துகளைத் தேடிப் பார்த்தால், அது ஒரு மரபணுவைக் குறிவைக்கும் வரிசையாக இருந்தது. அதாவது சோதனையின் ஒப்பீட்டு அடிப்படையே ஆட்டம். அவரும் மேலே சொன்ன சிரில் லபேயும் சேர்ந்து 'சீக் அண்ட் பிளாஸ்ட்என்' என்ற கருவியை உருவாக்கினார்கள். கட்டுரையிலிருந்து வரிசைகளை எடுத்து, அவை உண்மையில் எதைக் குறிவைக்கின்றன என்று தரவுத்தளத்தில் தேடி, கட்டுரை சொல்வதோடு ஒப்பிடும். ஒரு நியூக்ளியோடைடு எழுத்து தப்பினாலும் சோதனையை மறுபடி செய்ய முடியாது என்பதால், நேர்மையானவர்களுக்கும் இது நல்ல சோதனை. வரிசைகளைத் தரவுத்தளத்தில் தேடும் பிளாஸ்ட் இலவசம், கையாலேயே செய்யலாம். கூடவே, மரபணுப் பட்டியலை எக்செலில் வைத்திருந்தால் ஒருமுறை கண்ணோட்டம் விடச் சொல்லுங்கள். செப்ட்2 என்ற மரபணுப் பெயரை எக்செல் செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். எக்செல் பட்டியலோடு வந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருந்ததாக 2016-ல் கணக்கெடுத்தார்கள். கடைசியில் 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

சாட்ஜிபிடி மாதிரியானவற்றிடம் கொடுக்கலாமா? உங்கள் சொந்தக் கட்டுரையை, நெறியாளரும் கூட்டாசிரியர்களும் சம்மதித்தால், கணக்குப் பிழை தேடுவதற்குக் கொடுக்கலாம். அதற்கு அது பயன்படும் என்பதைக் காட்டியது ஒரு கறுப்புக் கரண்டி. கறுப்பு பிளாஸ்டிக் சமையல் பொருள்களில் தீத்தடுப்பு வேதிப்பொருள் இருப்பதாக 2024-ல் கீமோஸ்பியர் இதழில் ஒரு கட்டுரை வந்தது, செய்தியாகி, அமெரிக்காவில் பலர் கரண்டிகளைத் தூக்கி எறிந்தார்கள். ஒரு நாளைக்கு உடலுக்குள் போகும் அளவு 34,700 நானோகிராம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பாதுகாப்பான அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு 7,000 நானோகிராம். 60 கிலோ ஆளுக்குப் பெருக்கினால் 4,20,000. கட்டுரையில் இருந்தது 42,000, ஒரு பூஜ்யம் காணோம். எல்லையில் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டதாகத் தெரிந்தது உண்மையில் 8 சதவீதம் சுமார். டிசம்பரில் திருத்தம் வெளியிட்டார்கள், ஒட்டுமொத்த முடிவை இது பாதிக்காது என்பது ஆசிரியர்களின் நிலை. இந்தப் பிழையை சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளால் பிடிக்க முடிகிறதா என்று பார்த்தவர்கள், முடிகிறது என்று கண்டு, 'பிளாக் ஸ்பாட்டுலா புராஜெக்ட்' என்ற பெயரிலேயே கட்டுரைகளைச் சோதிக்கக் கிளம்பினார்கள்.

ஆனால் அதே மொழி மாதிரி, இல்லாத பிழையையும் இருப்பதாகச் சொல்லும், அதுவும் சற்றும் தயங்காமல். அது சுட்டும் ஒவ்வொன்றையும் நீங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். 'என் கட்டுரை எப்படி இருக்கிறது' என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாக் கட்டுரையையும் ஒரே குரலில் பாராட்டும். 'அட்டவணை 2-ல் விழுக்காடுகளும் எண்ணிக்கைகளும் பொருந்துகின்றனவா, ஒவ்வொரு வரியாகக் கணக்கிட்டுக் காட்டு' என்று கேளுங்கள். மேற்கோள் நூல்களைச் சேர்த்துத் தரச் சொல்லவே வேண்டாம், இல்லாத கட்டுரையை உண்மையான ஆசிரியர் பெயரோடு எழுதிக் கொடுக்கும். இன்னொருவரின் கட்டுரை மதிப்பாய்வுக்காக உங்கள் கைக்கு வந்தால் அதை இதில் ஏற்றவே கூடாது. அது ரகசியமாகக் கொடுத்த ஆவணம், அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு அமைப்பான என்ஐஎச் தன் மதிப்பாய்வாளர்களுக்கு இதை 2023-லேயே தடை செய்துவிட்டது. மதிப்பாய்வாளர்கள் திருட்டுத்தனமாக ஏஐயிடம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்து, கட்டுரை எழுதுபவர்களும் விளையாடத் தொடங்கிவிட்டார்கள். 'நல்லபடியாக மட்டும் விமர்சனம் எழுது' என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் கட்டளை ஒளித்துவைத்த 17 கட்டுரைகளை ஜப்பானின் நிக்கேய் நாளிதழ் 2025 ஜூலையில், மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகளை ஏற்றும் ஆர்க்கைவ் தளத்தில் கண்டுபிடித்தது. எட்டு நாடுகளின் 14 நிறுவனங்களைச் சேர்ந்தவை அவை. இயந்திரத்தை ஏமாற்ற எழுதிய வரியை மனிதர்கள் மௌஸால் தேர்ந்தெடுத்துப் பார்த்தே பிடித்துவிடலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

உங்கள் கடைசிப் பயம் நியாயமானது. 'ஏஐ எழுதியதா' என்று சொல்லும் கருவிகளை நான் ஒரு பைசாவுக்கு நம்புவதில்லை. ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். மனிதர் கைப்பட எழுதிய அவற்றில் சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று அவை சொல்லின. காரணம் எளிது: அடுத்து வரக்கூடிய சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறதோ அவ்வளவுக்கு ஏஐ என்று அவை முடிவு கட்டுகின்றன. இரண்டாம் மொழியில் எழுதும் நாம் தெரிந்த, எளிய சொற்களில், பாதுகாப்பாக எழுதுவோம். அதுதான் அங்கே குற்றம். அதற்குப் பயந்து கடினச் சொற்களைத் தேடிப் போட ஆரம்பித்தால் மேலே சொன்ன 'பூசம் பெரில்' பள்ளத்தில் போய் விழ வேண்டியதுதான். அதைவிட, வேர்டு கோப்பின் பழைய பதிப்புகளையும் நெறியாளர் திருத்திய பிரதிகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். யாராவது கேட்டால் கட்டுரை வளர்ந்த விதத்தை அவற்றால் காட்டலாம். ஆங்கிலத்தைச் சரிபார்க்க ஏஐ உதவியிருந்தால் ஆய்விதழ் கேட்கும் இடத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

உங்கள் நிலையில் இருந்தால் அனுப்புவதற்கு முன் நான் என்ன செய்வேன்? எல்லா எண்களையும் ஆர் அல்லது எஸ்பிஎஸ்எஸ் வெளியீட்டிலிருந்து மறுபடி ஒப்பிடுவேன், முடிந்தால் கூட ஒருவரை உட்கார வைத்து அவர் படிக்க நான் பார்ப்பேன். சராசரிகளுக்கு கிரிம், வரிக்குள் இருக்கும் சோதனை முடிவுகளுக்கு ஸ்டாட்செக். ஒவ்வொரு அட்டவணையிலும் ஆள் எண்ணிக்கை ஏன் மாறுகிறது என்று அடிக்குறிப்பு எழுதுவேன். வெறும் பட்டை வரைபடமாக இருப்பவற்றில், ஆள் குறைவென்றால், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புள்ளி வைத்துக் காட்டுவேன். நூற்பட்டியலை ஜோட்டெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் ஏற்றுவேன். அது 2019-லிருந்து ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு இணைந்திருக்கிறது, திரும்பப் பெறப்பட்ட கட்டுரை பட்டியலில் இருந்தால் சிவப்பில் எச்சரிக்கும். இவ்வளவுக்கும் செலவு ஒரு பைசா கிடையாது, அரை நாள் வேலை.

இதற்கு அப்புறமும் எடிட்டரிடமிருந்து 'எங்கள் மென்பொருள் உங்கள் அட்டவணை 2-ல் ஒரு முரணைக் காட்டுகிறது' என்று மின்னஞ்சல் வரலாம். பதறி அன்றைக்கே மன்னிப்புக் கேட்டு எழுதாதீர்கள், கோபித்துக்கொண்டும் எழுதாதீர்கள். எந்த எண், கருவி என்ன எதிர்பார்த்தது என்று கேளுங்கள். மூலத் தரவிலிருந்து அந்த ஒரு எண்ணை மறுபடி கணக்கிடுங்கள். கருவி தப்பு என்றால் கணக்கை இரண்டு வரியில் காட்டி எழுதுங்கள். உங்கள் தப்பு என்றால் திருத்திய அட்டவணையோடு, அந்த மாற்றம் வேறு எந்தெந்த வரிகளைத் தொடுகிறது என்றும் சேர்த்து எழுதுங்கள். எடிட்டர்கள் பெரும்பாலும் பார்ப்பது அந்த இரண்டாவது பகுதியைத்தான்.